நட்சத்திரம் கட்டும் முன்: திருவருகைக் காலம் பற்றிக் கொஞ்சம்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் நிலைக்கு வந்து, சாலையோரக் கடைகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்மஸ் வந்தாயிற்று என்றே எல்லாருக்கும் நினைப்பு. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை கடைவாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். வெள்ளையடிக்க ஆள் கிடைக்காது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கிற மணம் நாலு வீடு தள்ளி வரும். கேரல் குழு எந்தத் தேதியில் எந்தப் பக்கம் போகிறது என்று அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்கிற செபக் கூட்டத்தில், பேச்சு நடக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், சாமியார் ஊதா உடுப்பில் நிற்பார். பீடத்தில் பூ குறைவாக இருக்கும். வழக்கமாக மணியடித்துப் பாடுகிற ‘வானவர் கீதம்’ இருக்காது. வெளியே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது, உள்ளே ஏன் இவ்வளவு அடக்கம்? சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததே இல்லை. பண்டிகை வருகிற நேரத்தில் கோயிலுக்கு மட்டும் ஏன் முகம் வாடிப்போகிறது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “அது திருவருகைக் காலம் மக்ளே, பேசாம முட்டுப்போடு” என்பதுதான் கிடைத்த பதில். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்த காலம் அது.

இப்போது கருங்கல் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, கல்யாணம் முடித்துப் புதிதாகக் கோயிலுக்கு வருகிற மருமகள்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். அட்வென்ட் என்று சொல்லுகிறோமே, அது ‘அத்வெந்துஸ்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. வருகை என்று பொருள். பழைய ரோமையில் பேரரசர் ஒரு நகரத்துக்கு அதிகாரபூர்வமாக வருவதற்கும் இதே சொல்தான். நம் ஊரில் ஆயர் வருகை என்றால் என்ன செய்வோம்? ஒரு மாதத்துக்கு முன்பே வழியோரக் காடு வெட்டி, குழியில் மண் போட்டு, குலைவாழை நட்டு, தோரணம் கட்டுவோம். அந்த ஆயத்தமும் வருகையின் ஒரு பகுதிதான். தமிழில் ‘திருவருகைக் காலம்’ என்ற பெயர் அதனால் மிகப் பொருத்தம்.

எப்போது தொடங்குகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. புனித அந்திரேயாவின் திருநாள் நவம்பர் 30. அதற்கு மிக அருகில் வருகிற ஞாயிறுதான் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். அங்கிருந்து நான்கு ஞாயிறுகள். கிறிஸ்மஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்துக் குறைந்தது 22 நாள், கூடினால் 28 நாள். திருச்சபையின் புத்தாண்டும் இந்த முதல் ஞாயிறுதான். ஜனவரி 1 வரும் முன்பே நமக்கு ஆண்டு பிறந்துவிடுகிறது, பலருக்கு இது தெரியாது.

ஊதா நிறம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் வருவதால், இதையும் குட்டித் தவக்காலம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. தவக்காலத்தில் அல்லேலூயா பாடமாட்டோம், திருவருகைக் காலத்தில் பாடுவோம். ‘வானவர் கீதம்’ மட்டும் நிறுத்திவைக்கப்படுகிறது. அது பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய பாட்டு அல்லவா? அவர்கள் பாடும் இரவு வரட்டும் என்று காத்திருக்கிறோம். 24-ஆம் தேதி ராத்திரி பூசையில் மணிகளெல்லாம் சேர்ந்து ஒலிக்க அந்தப் பாட்டு திரும்ப வரும்போது உடம்பு சிலிர்ப்பதற்கு, நாலு வாரம் அது இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம். மூன்றாம் ஞாயிறு மட்டும் ஊதாவுக்குப் பதில் ரோஸ் நிற உடுப்பு. பாதி வழி தாண்டியாயிற்று, மகிழுங்கள் என்று சொல்லுகிற ஞாயிறு அது.

எங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவம் ஒரே மாதிரி இருக்காது, அதனால் இதையும் சொல்லவேண்டும். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் லத்தீன் முறைக் கோயில்களில் நான் மேலே சொன்ன ஒழுங்கு. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளிலும் இதே நான்கு ஞாயிறுகள் உண்டு. சிரிய வழிபாட்டு மரபைச் சேர்ந்த மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் குடும்பங்களிலும், தக்கலைப் பக்கத்து சீரோ மலபார் குடும்பங்களிலும் டிசம்பர் முதல் தேதியில் இருந்து இருபத்தைந்து நாள் நோன்பு இருப்பார்கள். மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வராது. என்னோடு படித்த ஒருத்தி அந்த நோன்பில் மதியச் சோற்றுக்குப் புளிசேரியும் துவரனும் மட்டும் கொண்டுவருவாள். நாங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே நெத்திலி வறுவல் தின்போம். அவள் முகம் சுளித்ததே இல்லை. அவளிடம் இருந்த ஏதோ ஒன்று எங்களிடம் இல்லை என்று அப்போதே தோன்றியிருக்கிறது.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 380-இல் ஸ்பெயின் நாட்டு சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6-இல் வரும் திருக்காட்சி விழா வரை யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக்கூடாது என்று சட்டம் வைத்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரப் பகுதியில் நவம்பர் 11-இல் தொடங்கி வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருந்தார்கள். பெரிய கிரகோரியார் திருத்தந்தையாக இருந்த காலத்தை ஒட்டி ரோமையில் அது நான்கு ஞாயிறுகளாக அமைந்தது. இவ்வளவு போதும்.

எந்த வருகைக்கு ஆயத்தம்?

“இயேசு பிறந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. பிறந்தவருக்கு மறுபடியும் எதுக்கு டீச்சர் காத்திருக்கணும்?” ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இதற்கு அழகான பதில் சொல்லியிருக்கிறார். ஆண்டவருக்கு மூன்று வருகைகள் உண்டு என்பார். ஒன்று, பெத்லகேமில் நடந்து முடிந்தது. இன்னொன்று, உலக முடிவில் மாட்சியோடு வரப்போவது. இரண்டுக்கும் நடுவில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மூன்றாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. அது மனிதருடைய உள்ளத்துக்குள் அவர் வருவது. முதல் வருகையை நினைத்துக்கொள்கிறோம், கடைசி வருகையை எதிர்பார்க்கிறோம். நம் கையால் எதையாவது செய்யக்கூடிய இடம் நடுவில் இருக்கிற வருகைதான்.

இந்தக் காலத்தின் வாசகங்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்திருக்கும். டிசம்பர் 16 வரை விழித்திருங்கள், மனம் மாறுங்கள், வழியைச் செம்மையாக்குங்கள் என்று வரும். எசாயா இறைவாக்கினரும் திருமுழுக்கு யோவானும்தான் அதிகம் பேசுவார்கள். 17 முதல் 24 வரை பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். சக்கரியா, எலிசபெத்து, யோசேப்பு, மரியா என்று ஒரு குடும்பக் கதைபோல நகரும். அந்த நாள்களின் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் மெசியாவை ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொல்லி அழைக்கிற பழைய வழக்கம் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் ஒளியே, மக்களினங்களின் அரசே, கடைசியில் 23-ஆம் தேதி இம்மானுவேலே. ஒவ்வொரு அழைப்பும் ‘வாரும்’ என்ற சொல்லுக்கு வந்து சேரும். முதல் கிறிஸ்தவர்கள் அரமேய மொழியில் ‘மாரனாதா’ என்றார்களே, அதே ‘வாரும்’தான். புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்குச் செபம் ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்கு நடுவே ‘ஆண்டவரே வாரும்’ என்று மனசுக்குள் சொல்லத் தெரிந்தால் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது.

காத்திருக்கத் தெரிந்த ஊர்

காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் நின்று போனைத் தள்ளிக்கொண்டிருப்பது மாதிரி. திருவிவிலியம் சொல்லுகிற காத்திருப்பு வேறு. அதற்கு நம் மாவட்டத்திலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

யாக்கோபு தன் திருமுகத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிற விவசாயியைப் பாருங்கள் என்கிறார். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகிற வாசகம் இது. அவர் சொன்ன மழை பாலஸ்தீன மண்ணின் மழை. ஆனால் இரண்டு மழை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கில் இருந்து இடவப்பாதியும் வடகிழக்கில் இருந்து துலாமழையும் இரண்டுமே கிடைக்கிற ஊர் இது. நாஞ்சில் நாட்டு வயலில் டிசம்பர் மாதம் கும்பப்பூ பயிர் பச்சையாக நிற்கும். அறுவடைக்கு மாசி ஆகும். அதுவரை அந்த விவசாயி சும்மாவா இருக்கிறார்? வரப்பு பார்க்கிறார், களை எடுக்கிறார், தண்ணீர் கட்டுகிறார், வடிக்கிறார். கதிரை மட்டும் அவரால் வெளியே இழுக்க முடியாது. அது தானாக வரவேண்டும். தன் வேலை எது, தன் கையில் இல்லாதது எது என்று தெரிந்து இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் அவருடைய பொறுமை.

இதைச் சின்ன அளவில் வீட்டிலேயே பார்க்கலாம். குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று டிசம்பர் பத்துவாக்கில் சிரட்டையில் மண் போட்டு நெல் விதைப்போம். ஆறு வயதில் எனக்கும் ஒரு சிரட்டை தந்தார்கள். முதல் நாள் விதைத்தேன். இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒரு நெல்லின் நுனி பிளந்து வெள்ளையாக ஊசிமுனை மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. சந்தோஷத்தில் இன்னும் நாலைந்தைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அண்ணனுடைய சிரட்டையில் விரல்நீளப் பச்சை அடர்ந்து நின்றது. என்னுடையதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு தாள். “தோண்டித் தோண்டிப் பாத்தா அது எப்படி மக்ளே முளைக்கும்?” என்று அம்மா அதையும் குடிலில் ஓரமாக வைத்தார். இப்போது வகுப்பில் முதல் ஞாயிறு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சிரட்டையும் ஒரு பிடி நெல்லும் கொடுத்துவிடுகிறேன். பாடத்தை அது நடத்திக்கொள்ளும்.

கடற்கரைக்குப் போனால் காத்திருப்பின் இன்னொரு முகம் தெரியும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்கள். வீட்டில் இருக்கிற பெண்கள் சோறு பொங்குகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், சாயங்காலம் செபமாலை சொல்லுகிறார்கள். ஒரு காது மட்டும் எப்போதும் கடல் பக்கம் இருக்கும்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. எங்கள் பக்கம் ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து பாதையே தெரியவில்லை, கரண்ட் இல்லை. கடலில் போனவர்களைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் உள்நாட்டில் இருந்த எங்களுக்கு முழுதாக உறைத்தது. அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்று வாசிக்க வேண்டிய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று உங்களுக்குத் தெரியாது, மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ வரலாம், ஆகையால் விழித்திருங்கள். இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த வாரம் கடற்கரையில் பெண்கள் உண்மையாகவே மாலையும் நள்ளிரவும் சேவல் கூவும் வேளையும் கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். சிலர் வீட்டுக்கு ஆள் வந்தார். பலர் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்மஸ் களையிழந்து போயிற்று.

அதற்குப் பிறகு ‘விழித்திருங்கள்’ என்ற சொல்லை என்னால் லேசாகப் படிக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் ஆண்டவர் நம்மிடம் கேட்பது அந்த மாதிரி ஒரு காதுதான். கை வேலையில் இருக்கட்டும், காது மட்டும் அவர் வருகிற பக்கம் இருக்கட்டும். அப்புறம், அந்த வீடுகளில் இன்னும் காத்திருப்பவர்களை நினைக்காமல் நான் திருவருகைக் காலச் செபம் சொல்வதில்லை.

சவேரியாரையும் இங்கே சேர்க்கவேண்டும். நாம் அவருடைய திருவிழாவைக் கொண்டாடுகிற டிசம்பர் 3, அவர் இறந்த நாள், 1552-ஆம் ஆண்டு. சீனாவுக்குள் போகவேண்டும் என்று சான்சியான் தீவில் இறங்கி, தன்னைக் கரைசேர்க்க வருவதாகச் சொன்ன படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சலில் விழுந்து, 46 வயதில், சீனக் கரை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் தெரிய, அங்கேயே உயிர்விட்டார். கோட்டாற்றில் தேர் பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஒரு நிமிஷம் நினைத்தால், திருவிழாவும் திருவருகைக் காலமும் தனித்தனி இல்லை என்பது விளங்கும்.

வழியைச் செம்மையாக்குவது

இனி ஆயத்தத்துக்கு வருவோம். எசாயா 40-ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளம் நிரப்பப்படும், மலை தாழ்த்தப்படும், கோணல் நேராகும், கரடுமுரடு சமமாகும் என்று வருகிறது. வகுப்பில் இதை வாசித்தபோது ஒரு பிள்ளை எழுந்து, “பாலைநிலத்துல யாரு வீடு இருந்துச்சு டீச்சர், ரோடு போட?” என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. காரணம், எங்கள் விளையிலேயே, வீட்டைச் சேர்ந்த நிலத்திலேயே, ஒரு வழி அடைபட்டுக் கிடந்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

மனசை ஆயத்தம் செய்வது என்றவுடன் நிறைய பேர் செபத்தைக் கூட்டவேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். செபம் வேண்டும்தான். ஆனால் லூக்கா நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தான் கரையில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் திருமுழுக்கு யோவானிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று நேரடியாகவே கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு வைத்திருப்பவரும் அப்படியே செய்யட்டும் என்கிறார். வரி தண்டுகிறவர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு என்கிறார். மூன்று பதிலிலும் செபம் என்ற சொல் இல்லை. துணி, சோறு, பணம், அதிகாரம்! பாலைநிலத்திலே வெட்டுக்கிளி தின்று, ஒட்டக மயிர் உடுத்தி, நாள் முழுக்கச் செபத்தில் இருந்த மனிதர் தந்த பதில் இது. எனக்கு ஒவ்வொரு ஆண்டும் இது புதிதாக உறைக்கும்.

நம் ஊருக்கு இதை மாற்றிப் பார்ப்போம். மழை நாளில் ரப்பர் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. நவம்பரும் டிசம்பரும் பால் வெட்டுகிறவர் வீட்டில் நெருக்கடியான மாதங்கள். யோவான் சொன்ன இரண்டாவது அங்கி எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று நமக்குத் தெரியும். எடைபோடுகிறவர் தராசைப் பார்க்கட்டும், வட்டிக்குக் கொடுத்தவர் நோட்டைத் திறந்து பார்க்கட்டும், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் கிறிஸ்மஸுக்கு முன் கூலிபாக்கி இருக்கிறதா என்று பார்க்கட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, ஆயத்தம் செய்ய இதைவிட நல்ல கேள்வித்தாள் எனக்குத் தெரியாது. டிசம்பர் நடுவில் பல பங்குகளில் பக்கத்து ஊர் சாமியார்களையும் அழைத்து ஒப்புரவு வழிபாடு வைப்பார்கள். 24-ஆம் தேதி ராத்திரி, புதுத்துணி கசங்காமல் வரிசையில் நிற்பதைவிட அன்றைக்கே போய்விடுவது நல்லது. மனசு விட்டுப் பேச நேரம் கிடைக்கும்.

வீட்டில் செய்வதற்குச் சில உண்டு. எல்லாவற்றையும் செய்யவேண்டாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். நாலு மெழுகுதிரி வளையம் இப்போது நம் கோயில்களிலும் வந்துவிட்டது. இதன் தொடக்கம் ஜெர்மனியில். 1839-இல் ஹாம்புர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் வீகெர்ன் என்ற சபைப் போதகர், கிறிஸ்மஸ் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக, ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நாலு பெரிய வெள்ளை மெழுகுதிரியும் மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரிகளும் வைத்து, நாளுக்கு ஒன்று ஏற்றினார். நாம் ஊதாவில் மூன்றும் ரோஸில் ஒன்றும் வைக்கிறோம். கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. என்றும் பச்சையாக இருக்கிற கிளை வேண்டும், அவ்வளவுதான். வெளியூரில் சவுக்கு என்பார்களே, எங்கள் பக்கத்துக் காற்றாடி, அதன் நாலு கொப்பு ஒடித்து ஒரு தட்டைச் சுற்றி வைத்தால் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு அந்த வாரத்துக்கு உரிய திரிகளை மட்டும் ஏற்றுங்கள். முதல் வாரம் ஒரு திரியில் எதிரில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது. நாலாவது வாரம் எல்லார் முகமும் தெரியும். பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

குடிலைச் சீக்கிரம் கட்டிவிட்டாலும் தொட்டிலைக் காலியாக விடுங்கள். 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்ற ஊரில் அமைத்த குடிலில் நிஜ வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும்தான் இருந்தன. வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு பயன் உண்டு. எங்கள் வகுப்பில், யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்தால் தொட்டிலில் ஒரு வைக்கோல் வைக்கலாம் என்று ஏற்பாடு. என்ன செய்தாய் என்று நான் கேட்பதில்லை. ஒரு சின்னப் பெண் ஒரு ஞாயிறு ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொண்டுவந்து மொத்தமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரி, அவளுக்கு அந்த வாரம் நிறைய வேலை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, படுத்துக்கிடக்கும் பாட்டிக்கு அந்த வாரம் முழுக்க அவள்தான் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

நாளுக்குப் பத்து நிமிஷம் எசாயா வாசிப்பதும் நல்லது. 9, 11, 35, 40 ஆகிய அதிகாரங்களில் தொடங்குங்கள். புரியாத இடத்தைத் தாண்டிப் போகலாம், மறு ஆண்டு புரியும்.

இனி அந்த வழி. எங்கள் வீடு ரோட்டோரம், சித்தப்பா வீடு பின்னால். பாகம் பிரித்தபோது இரண்டரை அடி நடைவழி விட்டிருந்தார்கள். ஒரு பலா மரத்தை வெட்டியதில் வந்த பேச்சு முற்றி, அப்பா அந்த வழியில் கல் அடுக்கி அடைத்துவிட்டார். சித்தப்பா வீட்டார் ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் அது முழங்கால் சேறு. அப்பா இறந்த பிறகும் கல் அப்படியே இருந்தது. அப்பா வைத்த கல்லை எடுப்பது அப்பாவைக் குற்றம் சொல்வதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளை ரோடு பற்றிக் கேட்ட ஞாயிறு சாயங்காலம், துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது, ஓடைக்கரையில் சித்தி ஒரு கையில் செருப்பையும் மறு கையில் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பாசிபிடித்த கல்லுக்கு இந்தப் பக்கம் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த டிசம்பர் ஒன்றும் செய்யவில்லை. துணிவு வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் ஞாயிறு கழிந்து, அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். “எடுத்துரு” என்றான், வேறொன்றும் பேசவில்லை. கல் நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி ஓரமாக அடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அடியில் எல்லாம் அட்டையும் தேரையும். இரண்டாம் நாள் சித்தப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். “இனி எதுக்கு மக்ளே இதெல்லாம்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். கட்டிப்பிடித்து அழுவோம், ஒன்றாகக் குடில் கட்டுவோம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சித்தி பூசைக்குப் போகும்போது மட்டும் அந்த வழியாக வருகிறார். சித்தப்பா இன்றைக்கும் ஓடைக்கரை வழியாகத்தான் போகிறார்.

ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் துலாமழை முடியும்போது அந்த வழியில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மம்பட்டி எடுத்துச் செதுக்குகிறேன். ரோட்டில் இருந்து தொடங்கிச் சித்தப்பா வீட்டுப் படிவரை. போன ஆண்டு செதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, படியில் இருந்து நாலடி தூரம் யாரோ ஏற்கெனவே செதுக்கிப் போட்டிருந்தார்கள்.